சசூரின் பலகையில் கடிகாரம் இல்லை: ஒரு தவறான செஸ் ஓப்பனிங் பற்றி

மொழியை விளக்க வந்த சசூர் செஸ்ஸை உதாரணம் காட்டினார் என்பது நம் அமைப்பியல் வாசகர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குதிரை மரத்தில் செய்ததா தந்தத்தில் செய்ததா என்பது பொருட்டல்ல, மற்ற காய்களோடு அது கொண்டிருக்கும் உறவே அதன் மதிப்பு என்கிற பகுதியை ஒருவர் மாற்றி ஒருவர் மேற்கோள் காட்டியாயிற்று. அவர் மறைவுக்குப் பின் 1916இல் வெளியான அதே நூலில் இன்னொன்றும் சொல்கிறார். அதை நாம் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ஆட்டத்தின் நடுவே வந்து எட்டிப் பார்க்கிற வழிப்போக்கனுக்கும் முதலிலிருந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பவனுக்கும் எந்த வித்தியாசமும் இல்லையாம். பலகையில் இந்தக் கணம் காய்கள் நிற்கும் நிலைதான் எல்லாம். அது எப்படி வந்தது, யார் எவ்வளவு நேரம் யோசித்தார், யாருக்குக் கை நடுங்குகிறது என்பதெல்லாம் அமைப்புக்கு வெளியே.

இணையத்தில் மூன்று நிமிட ஆட்டம் ஆடுகிற யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சசூரின் பலகையில் கடிகாரம் இல்லை. அந்த இல்லாமையிலிருந்து தொடங்கி, செஸ் அறிவு 'தவறு' என்று தீர்ப்பெழுதிவிட்ட ஒரு ஓப்பனிங் ஏன் தொடர்ந்து ஜெயிக்கிறது என்பதைப் பேசிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, "செஸ்ஸைப் பத்தி எழுதறதுக்கு இப்ப என்ன தோழர் அவசியம்?" என்றார். தவறென்று நிரூபிக்கப்பட்ட ஒன்று திரும்பத் திரும்ப ஜெயிக்கிறது என்றால், அது எப்படி என்று யோசிக்கிற கடமை, சரியென்று நிரூபிக்கப்பட்டவற்றை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பத் தோற்றுக்கொண்டிருக்கும் நமக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கிறது?

பிளிட்ஸ் எனப்படும் விரைவாட்டத்தில் பொதுவாக ஆளுக்கு மூன்று நிமிடம், அதாவது 180 விநாடி. நாற்பது நகர்த்தலில் முடிகிற ஆட்டம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நகர்த்தலுக்கு நாலரை விநாடி. நேரம் தீர்ந்தால் பலகையில் ராணி அதிகமாக இருந்தாலும் தோல்விதான். எதிரே இருப்பவர் யாரென்று தெரியாது. ஒரு பெயர், ஒரு கொடி, ஓர் எண், அவ்வளவுதான். இந்தக் களத்தில் அதிகம் ஆடப்படுகிற 'தவறான' ஓப்பனிங்குகளில் ஒன்று ஸ்டாஃபோர்டு கேம்பிட். நானும் கறுப்புக் காய்களோடு அதை நிறைய ஆடியிருக்கிறேன், எதிர்த்தும் ஆடியிருக்கிறேன்.

செஸ் தெரியாதவர்கள் ஒரு பத்தி பொறுத்துக்கொள்ள வேண்டும். வெள்ளை இ4, கறுப்பு இ5 என்று ராஜாவின் சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. வெள்ளைக் குதிரை எஃப்3க்கு வந்து இ5 சிப்பாயைக் குறிவைக்கிறது. கறுப்பு அதைக் காப்பாற்றாமல் தன் குதிரையை எஃப்6இல் வைத்து வெள்ளையின் இ4 சிப்பாயைக் குறிவைக்கிறது. இதுவரை பெத்ரோவ் தற்காப்பு. 19ஆம் நூற்றாண்டு ருஷ்ய ஆட்டக்காரர் அலெக்ஸாண்டர் பெத்ரோவின் பெயரால் வழங்குவது. இவ்வளவு பத்திரமான, டிராவை நோக்கி ஊர்ந்துபோகிற ஓப்பனிங்குகள் குறைவு. வெள்ளைக் குதிரை இ5 சிப்பாயை வெட்டுகிறது. ஒழுங்கான ஆட்டக்காரர் டி6 என்று சிப்பாயைத் தள்ளிக் குதிரையை விரட்டிவிட்டு, இழந்ததை மீட்டுக்கொள்வார். ஸ்டாஃபோர்டு ஆடுகிறவரோ இன்னொரு குதிரையைக் கொண்டுவந்து சி6இல் நிறுத்தி, 'வெட்டிக்கோ' என்கிறார். வெள்ளை வெட்டுகிறது, கறுப்பு டி சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது. குதிரைக்குக் குதிரை சரி. சிப்பாய் போனது போனதுதான். பதிலுக்குக் கிடைப்பது இரண்டு பிஷப்புகளுக்கும் ராணிக்கும் திறந்த வழி.

கணினியைக் கேட்டால் இரக்கமில்லாமல் சொல்லிவிடும்: வெள்ளைக்கு ஒரு சிப்பாய்க்கும் அதிகமான சாதகம், கறுப்புக்கு ஈடு போதாது. இது மறுக்க முடியாத உண்மை. உண்மை என்று ஒன்றே கிடையாது, எல்லாம் வாசிப்பைப் பொறுத்தது என்று சொல்லிப் பழகிய நண்பர்களுக்கு செஸ் கொஞ்சம் சங்கடமான இடம். இங்கே மறுப்பு என்றால் மறுப்புதான்.

இருந்தும் வெள்ளை தோற்கிறது. எப்படித் தோற்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வெள்ளை தன் இ4 சிப்பாயைக் காக்க டி3 ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல நகர்த்தல். கறுப்பு பிஷப் சி5க்கு வந்து எஃப்2 கட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்கிறது. இப்போது வெள்ளைக்குக் கை தானாகப் போகிற இடம் ஒன்று உண்டு: பிஷப்பை ஜி5இல் வைத்துக் கறுப்புக் குதிரையை அதன் ராணியோடு சேர்த்துக் கட்டிப்போடுவது. எந்தப் பயிற்சிப் புத்தகமும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கும். கட்டப்பட்ட குதிரை அவிழ்த்துக்கொண்டு போய் இ4 சிப்பாயை வெட்டுகிறது. ராணி அம்போவென்று நிற்கிறது. யாருக்குத்தான் மனசு கேட்கும்? வெள்ளை ராணியை வெட்டுகிறது. பிஷப் எஃப்2வை வெட்டி செக், ராஜா இ2க்கு நகர்கிறது, இன்னொரு பிஷப் ஜி4க்கு வருகிறது. மேட். எட்டே நகர்த்தல்.

அல்லது வெள்ளை டி3க்குப் பதில் இ5 என்று சிப்பாயைத் தள்ளிக் குதிரையை விரட்டுகிறது. குதிரை இ4க்குத் தாவுகிறது. விடுவேனா என்று டி3 ஆடி மறுபடி விரட்டுகிறது. கறுப்பு குதிரையை நகர்த்துவதே இல்லை, பிஷப்பை சி5க்குக் கொண்டுவருகிறது. வெள்ளை குதிரையை வெட்டினால் பிஷப் எஃப்2வில் செக். ராஜா பிஷப்பை வெட்டினால் டி வரிசை திறந்து கிடக்கிறது, வெள்ளை ராணி போயிற்று. இன்னொரு வகையில் வெள்ளை அவசரமே இல்லாமல் ராஜாவை ஓரமாக ஒதுக்கி கேஸ்லிங் செய்கிறது. ஏற்கனவே எச்5 வந்திருந்தால் கறுப்புக் குதிரை ஜி4க்கு வந்து நிற்கிறது. எச்3 ஆடி விரட்டலாமென்று பார்த்தால் ராணி டி6இல் வந்து எச்2வைக் குறிவைக்கிறது. குதிரையை வெட்டினால் எச் வரிசை திறந்து யானை நேராக ராஜாவின் வாசலில்.

இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். வெள்ளை எங்கே தப்புப் பண்ணியது? குதிரையைக் கட்டிப்போட்டது. அத்துமீறி வந்த காயைச் சிப்பாயால் விரட்டியது. ராஜாவைச் சீக்கிரம் பத்திரப்படுத்தியது. மூன்றுமே செஸ் கற்கும் எவருக்கும் முதல் வருடத்தில் சொல்லிக்கொடுக்கப்படும் பாலபாடங்கள். விதியை மீறியது கறுப்பு. தண்டனை விதியைப் பின்பற்றிய வெள்ளைக்கு.

செஸ் புத்தகங்களில் அடிக்கடி வருகிற ஒரு சொல் 'இயல்பான நகர்த்தல்'. இந்த 'இயல்பு' என்பதை நாம் சந்தேகிக்க வேண்டும். பலகையில் இயல்பு என்று எதுவும் கிடையாது. ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் அனுபவம் சுருங்கி விதியாகி, விதி பழக்கமாகி, பழக்கம் கைவிரலில் இறங்கி, கடைசியில் 'இது இப்படித்தானே' என்று ஆகிப்போனதன் பெயர் இயல்பு. கிராம்சி பொதுப்புத்தி என்று சொன்னது ஏறக்குறைய இதைத்தான். பொதுப்புத்தி முழுப் பொய்யல்ல. பெரும்பாலான நேரங்களில் அது சரியாகவே வழிகாட்டும், அதனால்தான் அது நிலைத்திருக்கிறது. ஆனால் அதற்குத் தன் காரணங்கள் ஞாபகமில்லை. எதற்காகக் குதிரையைக் கட்டிப்போடுகிறோம் என்பது மறந்து, கட்டிப்போடுவது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஸ்டாஃபோர்டு கேம்பிட்டைச் சரியாக மறுக்கிற நகர்த்தல்களைப் பாருங்கள். டி3க்குப் பிறகு பிஷப்பை ஜி5க்கு அனுப்பாமல் பக்கத்திலேயே இ2வில் அடக்கமாக வைப்பது. பிறகு சி3 என்று ஒரு சின்னச் சிப்பாய் நகர்த்தல், அடுத்து டி4 தள்ளி சி5 பிஷப்பின் பார்வையை மறைப்பதற்காக. கேஸ்லிங்கைத் தள்ளிப்போடுவது. எதிலும் பளபளப்பில்லை, 'வளர்ச்சி'யும் இல்லை, பாலபாடத்துக்கும் இவை சற்று எதிரானவை. இந்த நிலையை இந்த நிலையாகவே பார்க்கிறவருக்கு மட்டும் தெரிகிற நகர்த்தல்கள்.

ஆக நான் சொல்ல வருவது இதுதான். இந்த ஓப்பனிங் உண்மையை ஜெயிக்கவில்லை, ஜெயிக்கவும் முடியாது. அது ஜெயிப்பது பொதுப்புத்தியை. உண்மைக்கும் பொதுப்புத்திக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அதைக் கடக்க நேரம் வேண்டும். நாலரை விநாடியில் கடக்க முடியாது என்பதே இந்த ஆட்டத்தின் மொத்த முதலீடு. எதிராளி இந்த நிலையை வாழ்க்கையில் இரண்டாவது முறையாகப் பார்க்கலாம், கறுப்பு முந்நூறாவது முறையாகப் பார்க்கிறது. ஐந்தாவது நகர்த்தலில் அவர் நாற்பது விநாடி உட்கார்ந்து யோசித்தால் யோசனை சரியாக இருந்தாலும் கடிகாரத்தில் தோற்கத் தொடங்கிவிட்டார். யோசிக்காமல் ஆடினால் பலகையில் தோற்பார். ஒரு சிப்பாயைக் கொடுத்து வாங்குவது இந்த இக்கட்டை.

(எல்லாக் குறுக்குவழி ஓப்பனிங்குகளும் இப்படியல்ல. வெள்ளை டி4 ஆடியவுடன் இ5 என்று சிப்பாயைக் கொடுக்கிற எங்லண்ட் கேம்பிட்டும் இணையத்தில் பிரபலம்தான். கறுப்பு ராணி சுற்றி வந்து பி2 சிப்பாயை வெட்டும்போது வெள்ளை பிஷப்பை சி3இல் வைத்தால் சீக்கிரமே மேட் வரை போகும். அங்கே பிஷப்புக்குப் பதில் குதிரையை சி3க்குக் கொண்டுவந்தால் போதும் என்று ஒரே ஒரு நகர்த்தலை மனப்பாடம் செய்துகொண்டால் கதை முடிந்தது. ஒற்றைப் பொறி. என் கணக்கில் அது மலிவு. ஸ்டாஃபோர்டில் பழக்கம் போகிற ஒவ்வொரு பாதையிலும் ஒரு குழி இருக்கிறது. அதனால்தான் அதைப் பற்றிப் பேசத் தோன்றுகிறது.)

இப்போது சசூரின் வழிப்போக்கனுக்கு வருவோம். அவன் இன்று உயிரோடு இருக்கிறான். பெரிய போட்டிகளின் நேரலையில் பலகைக்குப் பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஏறி இறங்குகிற மதிப்பீட்டுப் பட்டை வருகிறதே, அதுதான் அவன். 1997இல் டீப் புளூ காஸ்பரோவைத் தோற்கடித்த பிறகு இயந்திரம் மனிதரை மிஞ்சுமா என்ற கேள்வி மெல்ல மெல்லச் செத்துவிட்டது. இன்று கைபேசியில் இலவசமாக ஓடுகிற ஸ்டாக்ஃபிஷ் எந்த உலக சாம்பியனையும் விடப் பலசாலி. அது ஆட்டத்தின் வரலாற்றைக் கேட்பதில்லை. நிலையைப் பார்க்கிறது, எண்ணைச் சொல்கிறது. சாம்பியன் ஒருவர் ஏழு விநாடி மிச்சமிருக்கும்போது ஆடிய நகர்த்தலைப் பார்த்து, செஸ் அரைகுறையாகத் தெரிந்த பார்வையாளர் 'அய்யே, இது தெரியலையா' என்று சிரிக்க முடிகிறது. பட்டை தெரிகிறவருக்குக் கடிகாரம் ஓடவில்லை. கடிகாரம் ஓடுகிறவருக்குப் பட்டை தெரியாது. 'தவறான ஓப்பனிங்' என்ற தீர்ப்பும் கடிகாரத்துக்கு வெளியிலிருந்து எழுதப்படுவதே. நம் போராட்டங்கள் முடிந்து பத்து வருடம் கழித்து, எந்த நாளில் எந்த முடிவு பிழை என்று சாவகாசமாகப் பட்டியல் போடுகிறவர்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பட்டை ஞாபகம் வரும். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. எத்தனை விநாடி மிச்சமிருந்தது என்பதை மட்டும் எழுதுவதில்லை.

செஸ்ஸிலும் கடிகாரம் ஆதியிலிருந்து இருந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை யோசிக்க எல்லையே இல்லை, எதிராளி சலித்துப் பிழைவிடும்வரை உட்கார்ந்தே ஜெயிக்கலாம். 1861இல் ஆண்டர்சென், கோலிஷ் போட்டியில் மணற்கடிகை வைத்தார்கள். இரட்டைக் கடிகாரம் 1883 லண்டன் போட்டியில் வந்தது. ஆலைச் சங்கும் ரயில் அட்டவணையும் மனித உடம்பை நேரத்துக்குப் பழக்கிக்கொண்டிருந்த நூற்றாண்டு அது. ஈ.பி. தாம்ப்சன் 1967இல் எழுதிய கட்டுரையைப் படித்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை.

கேம்பிட்டுகளின் பொற்காலம் என்று சொல்லப்படுவது கடிகாரத்துக்கு முந்தியது என்பது ஒரு முரண். ஆண்டர்சென் 1851இல் லண்டனில் கீஸெரிட்ஸ்கிக்கு எதிராக இரண்டு யானை, ஒரு பிஷப், ராணி எல்லாவற்றையும் கொடுத்து மேட் செய்த ஆட்டத்துக்கு 'அமர ஆட்டம்' என்றே பெயர். அதில் இரு தரப்பிலும் பிழைகள் இருப்பதைப் பின்வந்த பகுப்பாய்வுகள் காட்டின. அங்கே நேரம் இருந்தது, தற்காப்பு என்ற கருத்துத்தான் இல்லை. கொடுத்ததை வாங்காமல் விடுவது கௌரவக் குறைச்சல் என்ற மனநிலை. ஸ்டைனிட்ஸ் வந்து, முதலில் சிறுசிறு சாதகங்களைச் சேர்த்துக்கொள், அப்புறம் தாக்கு, சேராதவன் தாக்கினால் வாங்கிக்கொண்டு தாங்கிநில் என்று சொன்ன பிறகு அந்த உலகம் சரிந்தது. 1960இல் ஸ்பாஸ்கியிடம் கிங்ஸ் கேம்பிட்டில் தோற்ற பாபி ஃபிஷர், அடுத்த வருடமே அந்த ஓப்பனிங்கை உடைத்துவிட்டதாக ஒரு கட்டுரை எழுதினார். தோற்றவன் பிரதியைக் கையிலெடுக்கிற கதை. அதே ஃபிஷர்தான் பின்னாளில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடிகளைக் கூட்டித்தருகிற கடிகாரத்துக்குக் காப்புரிமை பெற்றார் (1989). விரைவாட்டம் ஆடுகிறவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். மூன்று நிமிடத்தோடு நகர்த்தலுக்கு இரண்டு விநாடி கூட்டல் இருந்தால் ஸ்டாஃபோர்டின் பலத்தில் பாதி போய்விடும். தற்காப்பவர் பொறியைத் தாண்டிவிட்டால் அந்த ஒற்றைச் சிப்பாயை நிதானமாகக் கடைசிவரை ஓட்டிவிடுவார்.

இன்னொரு வேடிக்கை. இந்த ஓப்பனிங்குக்குப் பெயர் கொடுத்த ஸ்டாஃபோர்டு 1950 வாக்கில் அதை ஆடியது அஞ்சல்வழி ஆட்டத்தில். ஒரு நகர்த்தலுக்கு நாட்கணக்கில் யோசிக்கலாம். அப்போதும் ஒருவர் மாட்டியிருக்கிறார். அதன்பின் பல காலம் ஒரு விநோதமாகவே கிடந்தது. 2020 வாக்கில் எரிக் ரோசென் என்ற அமெரிக்க சர்வதேச மாஸ்டர் தன் விரைவாட்ட நேரலைகளில் இதை ஆடிக் காட்ட, ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டு செஸ்ஸுக்கு வந்துசேர்ந்த பெருங்கூட்டம் பிடித்துக்கொண்டது. அதே ஓப்பனிங், அதே மறுப்பு, மாறியது நேரம் மட்டும்.

இந்த இடத்தில் ஒரு சபலம் வரும். பாக்தினைக் கூப்பிட்டு, பார், விளிம்பிலிருந்து வந்த களியாட்டம் மையத்தின் இலக்கணத்தைக் கவிழ்க்கிறது என்று முடித்துவிடலாம். கேட்க நன்றாக இருக்கும். நான் அதைச் செய்யத் தயாரில்லை. முதல் காரணம், இது எளியவனின் ஆயுதமல்ல. இணையத்தில் ஏறத்தாழச் சம எண்ணுள்ளவர்களையே எதிரெதிரே உட்காரவைக்கிறார்கள், ஆகவே மேல் கீழ் என்பதே அங்கு பெரிதாக இல்லை. பலசாலிகளிடம் போகப்போக இந்த ஓப்பனிங்கின் விளைச்சல் குறைந்துகொண்டே வருகிறது. உண்மையில் மாட்டுகிறவர்கள், ஒழுங்காகக் கற்கத் தொடங்கி இன்னும் முடிக்காதவர்கள். அவர்களைக் கவிழ்ப்பதில் என்ன கலகம்?

இரண்டாவது காரணம் தெ செர்த்தோ சொன்னது. மூலோபாயத்துக்குச் சொந்தமாக ஓர் இடம் உண்டு, செயல்தந்திரத்துக்கு இடம் கிடையாது, அது காலத்தை நம்பி வாழ்கிறது, வாய்ப்பு வரும்போது பாய்கிறது, ஆனால் ஜெயித்ததைச் சேர்த்துவைக்க அதனால் முடியாது என்கிறார். நம்மில் பலர் இதன் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு செயல்தந்திரத்தைக் கொண்டாடினோம். ஸ்டாஃபோர்டு கேம்பிட் இரண்டாவது பாதியைப் பலகையில் காட்டுகிறது. எட்டாவது நகர்த்தலில் மேட் விழுந்தால் ஜெயம். விழாவிட்டால் கறுப்பிடம் கட்டியெழுப்பியது ஒன்றுமில்லை. சி வரிசையில் இரட்டைச் சிப்பாய்கள், ஒரு காய் குறைவு, ராஜா இன்னும் நடுவில்.

செஸ்ஸில் காயைக் கொடுப்பதைத் 'தியாகம்' என்று மொழிபெயர்க்கிற வழக்கம் இருக்கிறது. விளையாடுகிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை, 'வெட்டுக் கொடுத்தேன்' என்பார்கள். அதுவே சரி. கேம்பிட் என்ற சொல்லின் கதையும் அதற்கே சாட்சி. 1561இல் ஸ்பானியப் பாதிரியார் ரூய் லோபெஸ் இத்தாலியச் சொல்லிலிருந்து அதை செஸ்ஸுக்குக் கொண்டுவந்தார். மல்யுத்தத்தில் எதிராளியின் காலைத் தட்டி விழவைப்பது என்று பொருள். தமிழில் அச்சு அசலாக 'காலை வாருதல்'. இதில் தியாகம் எங்கே வந்தது? மேடையில் ஏறி, எதிராளிக்குப் பதில் யோசிக்க அவகாசம் தராமல் நாலு மேற்கோளை வீசி, கைதட்டலோடு இறங்குகிற விவாதங்கள் நம் மத்தியில் நிறைய நடந்திருக்கின்றன. அந்த உரைகளை அச்சில் நிதானமாகப் படித்தால் ஐந்தாவது வாக்கியத்திலேயே விடை தெரிந்துவிடும். ஆனால் மேடையில் நாலரை விநாடிதானே.

எனக்கு உண்மையில் கவலை தருவது தோற்கிறவரின் நிலை அல்ல, ஜெயிக்கிறவரின் நிலை. ஆறு மாதம் இதையே ஆடுகிறவருக்கு என்ன ஆகிறது என்பதைக் கவனித்திருக்கிறேன். அவருக்கு எதிராளியின் பிழைகள் அனைத்தும் அத்துப்படி. ஜி5 பிஷப் வந்தால் இது, இ5 வந்தால் அது, கேஸ்லிங் செய்தால் இன்னொன்று. தன் நிலையைப் பற்றிய அறிவு அதே அளவுக்கு வளர்வதில்லை. பலகையைப் பார்க்கும்போது 'என்ன இருக்கிறது' என்று கேட்காமல் 'இவர் எங்கே சறுக்குவார்' என்று கேட்கப் பழகிவிடுகிறார். பிறருடைய பிழைகளில் நிபுணராவது ஒரு தொழிலாகவே ஆகிவிடக்கூடியது. விமர்சனம் எழுதுகிற எனக்கு இந்த நோயின் குணங்கள் வெளியிலிருந்து யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சக விமர்சகர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

தால் என்ற பெயரை இங்கே சிலர் எதிர்வாதமாகக் கொண்டுவருவார்கள். 1960இல் இருபத்து மூன்று வயதில் மிகயீல் தால், போத்வின்னிக்கைத் தோற்கடித்து உலக சாம்பியனான தொடரின் ஆறாவது ஆட்டத்தில் குதிரையை எஃப்4இல் கொண்டுபோய்க் கொடுத்தார். அரங்கில் கூச்சல் அதிகமாகி ஆட்டத்தை உள்ளறைக்கு மாற்ற வேண்டிவந்தது. அந்தக் குதிரை சரியா தவறா என்று பின்னால் பக்கம் பக்கமாக விவாதித்தார்கள். உடல்நலம் குன்றியிருந்த தாலை அடுத்த வருடம் மறுபோட்டியில் போத்வின்னிக் 13க்கு 8 என்று தோற்கடித்தார். ஆனால் தாலின் குதிரை மனப்பாடப் பொறியல்ல. அந்த நிலையில், அந்த எதிராளிக்கு எதிரில், தானும் முடிவு தெரியாமல் இறங்கியது. எதிராளியைப் போலவே அவருக்கும் அங்கே இருட்டு. ஸ்டாஃபோர்டில் இருட்டு ஒருவருக்கு மட்டும், மற்றவர் கையில் டார்ச் லைட். இரண்டுக்கும் 'தவறான தாக்குதல்' என்று ஒரே பெயரை வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதற்காக இந்த ஓப்பனிங்கை விட்டுவிடு என்று யாருக்கும் சொல்லப்போவதில்லை, நானும் விடப்போவதில்லை. இதில் எனக்குப் பிடித்த ஆட்டங்கள் எட்டு நகர்த்தலில் முடிந்தவை அல்ல. எதிராளிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. டி3 ஆடியாயிற்று. கறுப்பு பிஷப் சி5இல் உட்கார்ந்ததும், வெள்ளை தன் பிஷப்பை ஒரு விநாடிகூட யோசிக்காமல் இ2வில் வைக்கிறார். எச்5 வருகிறது, சி3 ஆடுகிறார். பொறி எதுவும் மிச்சமில்லை. என்னிடம் ஒரு சிப்பாய் குறைவு, 170 விநாடி கையில் இருக்கிறது, அடுத்து டி4 வரப்போகிறது, என் பிஷப்புக்கு ஓர் இடம் தேட வேண்டும்.